தீவகத்து அடுப்படியில் ஊறவைத்தல்: அளவும் காரணமும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் வாசிக்கப்பட்ட உரை)





இவ்வுரையை வாசிப்பவர் ஒருவர், எழுதியவர்கள் பலர். வெவ்வேறு ஆண்டுகளில் இக்கல்லூரியில் மனையியல் படித்து, இன்று ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நாம், தொலைபேசியில் பேசிப் பேசிச் சேர்த்தவை இவை. ஆகையால் 'நாம்' என்றே பேசுகிறோம்.

நூற்றாண்டு விழாவில் அடுப்படியைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் எம்மிடம் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வியே இத்தலைப்பைத் தந்தது. "பெரியம்மா, மீனுக்கு எவ்வளவு உப்புப் போட்டு எவ்வளவு நேரம் வைக்கிறது?" என்று கேட்பார்கள். நாம் சொல்லும் பதில், எம் அம்மம்மாமார் எமக்குச் சொன்ன அதே பதில்: "கண் பார்த்துப் போடு பிள்ளை."

அந்தப் பதில் நெடுந்தீவில் சரியாக இருந்தது. அங்கே உப்பு ஒரே உப்பு, வெயில் ஒரே வெயில், மீன் அன்று காலையில் பிடித்த மீன். கண்ணுக்குப் பழக்கமான பொருள்களைக் கண் அளந்தது. ரொறன்ரோவில் உப்பும் வேறு, புளியும் வேறு, வெயில் ஆண்டில் பாதி நாள் இல்லை. அளவு கடல் தாண்டும்போது மாறிவிடுகிறது. காரணம் மாறுவதில்லை. ஆகவே பிள்ளைகளுக்கு அளவோடு காரணத்தையும் கொடுக்க வேண்டும் என்பதே நாம் இன்று சொல்ல வந்த செய்தி.

தமிழ் வகுப்பில் வினைத்தொகைக்கு நாம் படித்த உதாரணம் பலருக்கு நினைவிருக்கும்: ஊறுகாய். ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என மூன்று காலமும் அச்சொல்லுக்குள் மறைந்திருக்கின்றன. ஆங்கிலத்தில் இதே வேலைக்கு 'மரினேட்' என்கிறார்கள். அது கடலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. முதலில் உப்புநீரில் ஊறவைப்பதையே குறித்தது. நாற்புறமும் கடல் சூழ்ந்த எமக்கு அது அந்நியமான சொல் அல்ல.

தீவகத்தில் ஏன் இவ்வளவும் ஊறவைத்தார்கள் என்பதை முதலில் பார்ப்போம். சோழகம் எழும்பினால் கடல் கொந்தளிக்கும். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலப் பயணம். காற்று கடுமையான நாளில் அப்படகும் ஓடாது. வாடைக்காலத்து மழையில் எதையும் காயவைக்க முடியாது. ஐஸ் கிடைக்காத காலத்தில், மீன் நிறையப் பட்ட நாளில் அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது, படாத நாளுக்காக. 1990களில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் குளிர்சாதனப்பெட்டிகள் வெறும் அலுமாரிகளாக நின்றபோது, உப்புச்சாடியிடமே நாம் திரும்பிப் போனோம். மணிமேகலைக்கு மணிபல்லவத்தில் அமுதசுரபி கிடைத்தது என்பது காப்பியம். அந்த மணிபல்லவம் எமது நயினாதீவே என்பது எம்மவர் நம்பிக்கை. அமுதசுரபி கிடைக்காத வீடுகளில் எம் பெண்கள் உப்பையும் புளியையும் தயிரையும் பாணியையும் கொண்டு நாளைய சாப்பாட்டை உண்டாக்கினார்கள்.

இனி ஒவ்வொன்றாக வருவோம். முதலாவது உப்பு.

கருவாட்டுக்கு மீனைப் பிளந்து, குடல் நீக்கிக் கழுவி, உப்பு அடைந்து ஓரிரவு வைப்பார்கள். மூன்று நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்பது பொதுவான கணக்கு. மறுநாள் பார்த்தால் மீன் தன் தண்ணீரிலேயே கிடக்கும். தசைக்குள் இருக்கும் நீரை உப்பு வெளியே இழுத்துவிட்டு, தான் உள்ளே போகிறது. நீர் குறைந்த இடத்தில் கிருமி வளர முடியாது. அதன்பின் வெயில் மிச்ச நீரையும் எடுத்துவிடும். இன்று நெடுந்தீவில் உவர்நீரை நன்னீராக்கும் இயந்திரம் இயங்குகிறது. உப்பு மீனில் செய்யும் அதே காரியத்தை அது தலைகீழாகச் செய்கிறது: மென்தோல் ஒன்றின் ஊடாக நீரை அழுத்தித் தள்ளி, உப்பை மறுபக்கம் நிறுத்திவிடுகிறது.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலுக்குள் நிற்கும் கடற்கோட்டையை எல்லோரும் பார்த்திருக்கிறோம். போர்த்துக்கேயர் கட்டிய அதனை 1658 இல் ஒல்லாந்தர் பிடித்து, 'ஹமன்ஹீல்' என்று பெயரிட்டார்கள். 'ஹம்' தொடையின் குதி என்பது பொருள். இலங்கையின் உருவம் அவர்கள் கண்ணுக்கு உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித்தொடையாகத் தெரிந்ததாம். அதன் குதிப்பக்கத்தில் இந்தக் கோட்டை. எமது தீவுகளுக்கும் தம் ஊர்ப் பெயர்களை இட்டார்கள். டெல்ஃப்ட் என்ற ஒன்றே இன்றுவரை புழக்கத்தில் நிலைத்தது. ஹெரிங் மீனைக் குடல் நீக்கி உப்பிட்டுப் பீப்பாய்களில் அடைத்து ஐரோப்பா முழுவதும் விற்றுச் செல்வம் சேர்த்தவர்கள் அவர்கள். எம்மவர் சாடியில் செய்ததை அவர்கள் பீப்பாயில் செய்தார்கள். சுவீடனில் பச்சைச் சல்மன் மீனை உப்பு, சீனி, சதகுப்பை இலையோடு அடுக்கி வைக்கும் 'கிராவ்லக்ஸ்' என்ற உணவுக்குப் 'புதைத்த சல்மன்' என்பது பொருள். முற்காலத்தில் மண்ணில் புதைத்தே வைத்தார்கள்.

இரண்டாவது புளிப்பு.

எமது அடுப்படியில் புளிப்பு பல வகை: பழப்புளி, தேசிக்காய், மாங்காய், கள்ளுப் புளித்து வந்த வினாகிரி. தென்னிலங்கையில் கொறுக்காயையும் உப்பையும் சேர்த்து மீனைச் சாடியில் அடைப்பார்கள். சிங்களவர் அதை 'ஜாடி' என்றே அழைக்கிறார்கள். இந்தியாவின் மேற்குக் கரையில் கும்பளா மீனைக் கொறுக்காய் போன்ற குடம்புளியோடும் உப்போடும் பீப்பாயில் அடைத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அந்த முறைக்கு மீன்தொழில் நூல்களில் 'கொழும்பு முறை' என்றே பெயர்.

வினாகிரி என்ற சொல் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. வைனிலும் உள்ளியிலும் இறைச்சியை ஊறவைப்பது அவர்கள் வழக்கம். அது கோவாவுக்கு வந்தபோது வைனுக்குப் பதில் கள்ளு வினாகிரியும், கூடவே மிளகாயும் சேர்ந்து 'விந்தாலு' ஆயிற்று. பிலிப்பைன்ஸ் மக்கள் தென்னங்கள்ளு வினாகிரியில் பச்சை மீனை ஊறவைத்து உண்கிறார்கள். பெரு நாட்டில் தேசிக்காய்ச் சாற்றில் ஊறிய மீன் 'செவிச்சே'. ஜேர்மனியில் மாட்டிறைச்சியைப் பல நாள் வினாகிரியில் கிடத்திப் பின் வேகவைக்கிறார்கள். இத்தனை ஊர்களிலும் வேலை ஒன்றே. புளிப்புப் பட்டதும் மீனின் புரதம் இறுகி, வெந்தது போல வெள்ளையாகிறது. ஆனால் அது வேகவில்லை. கிருமிகளும் புழுக்களும் அதில் உயிரோடிருக்கலாம். பச்சையாக உண்ணும் மீனை −20 பாகை செல்சியசில் 7 நாள்கள் உறையவைக்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொல்வது அதனாலேயே. எமது அம்மாமார் மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, தேசிப்புளி பூசிய மீனை எப்போதும் பொரித்தே தந்தார்கள்; புளியை அடுப்புக்கு மாற்றாக அவர்கள் ஒருநாளும் கருதவில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மஞ்சளும் தூளும் மீனின் தசைக்குள் சில மில்லிமீற்றருக்கு மேல் போவதில்லை. ஆழமாகப் போவது உப்புத்தான். விளைமீனையும் பாரையையும் இரண்டு பக்கமும் கீறிவிட்டுத் தூள் பூசியதன் காரணம் அதுவே. கீறாத மீனை இரண்டு நாள் வைத்தாலும் கீறிய மீனின் சுவை வராது; மேல்தசை குழைந்துபோவதே மிச்சம்.

மூன்றாவது தயிர்.

மாடு மலிந்த நெடுந்தீவில் தயிருக்குப் பஞ்சமில்லை. பச்சை மிளகாயைக் கீறி, உப்பிட்ட தயிரில் இரவு முழுவதும் ஊறவிட்டு, பகலில் பாயில் காயவிட்டு, மாலையில் திரும்பவும் அதே தயிரில் போடுவோம். தயிர் முழுவதும் மிளகாய்க்குள் சுவறும்வரை இது நடக்கும். பிறகு நன்றாகக் காயவிட வேண்டும். காய்ந்ததற்கு அடையாளம் கண்ணில் இல்லை, காதில் இருக்கிறது: கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும். பஞ்சாபியர் கோழியைத் தந்தூரி அடுப்பில் வைக்குமுன் தயிரில் ஊறவைப்பதும் இதன் உறவுதான். தயிரின் புளிப்பு மென்மையானது. தேசிப்புளி போல இறைச்சியைச் சட்டென்று இறுக்காமல் ஆறுதலாக இளக்கும். முற்றிய ஆட்டிறைச்சிக்குப் பப்பாசிக்காய் அரைத்துப் பூசுவது வேறு வழி. காயில் உள்ள பால் தசைநாரை அறுக்கிறது. கொரியாவில் அதே வேலைக்குப் பேரிக்காயை அரைக்கிறார்கள். பப்பாசி பூசிய இறைச்சியை மறந்து இரவு முழுவதும் விட்டால், காலையில் களியாகத்தான் எடுக்க வேண்டும்.

நான்காவது இனிப்பு. இது எமக்கே உரியது என்று பெருமையோடு சொல்லலாம்.

பனம்பழக் காலத்தில் பழத்தைப் பிசைந்து களியெடுத்து, பாயில் ஊற்றிக் காயவிட்டு, அதன்மேல் மறுபடியும் ஊற்றிக் காயவிட்டுப் பனாட்டு ஆக்குவோம். அத்தோடு நில்லாமல், பனாட்டைத் துண்டுகளாக வெட்டிச் சரக்குத்தூள் தூவிப் பனம் பாணியில் ஊறவிட்டு முட்டியில் அடைத்தால் அது பாணிப்பனாட்டு. பழமும் பனையினது, ஊறும் பாணியும் பனையினது, காய்ந்த பாயும் மூடிவைத்த பெட்டியும் பெரும்பாலும் அதே பனையின் ஓலை. இனிப்பு இங்கே உப்பின் வேலையைச் செய்கிறது. கெட்டியான பாணி நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கிருமிக்கு நீர் கிடைப்பதில்லை. பாணி இளகலாக இருந்தால் புளித்துப் பொங்கிவிடும். கம்பிப் பதம் என்று அம்மம்மா சொன்னதன் பொருள் இதுவே.

ஐந்தாவது வெறும் தண்ணீர்.

ஊறவைத்தல் உள்ளே ஏற்றுவதற்கு மட்டும் என்று எண்ணக்கூடாது. வெளியே எடுப்பதற்கும் அதுவே வழி. ஒடியல் மாவைத் தண்ணீரில் கரைத்து வைத்து, மா அடியில் படிந்ததும் மேல்நீரை ஊற்றிவிட்டு, மறுபடியும் தண்ணீர் விடுவோம். கைப்பு நீங்கிய மாவே கூழுக்கு ஆகும். அதன்பின் நண்டும் இறாலும் மீன்தலையும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் அவிந்து, அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் சேரும் கூழை விளக்க இச்சபையில் தேவையில்லை. நன்னீர் அருமையான தீவில், குடிக்கும் தண்ணீரில் இருந்து இந்த மாவுக்கு ஒதுக்கினார்கள் என்பதை மட்டும் நினைவிற் கொள்வோம். அவசியம் இல்லாமல் அவர்கள் ஒரு குடத்தையும் கவிழ்த்திருக்க மாட்டார்கள்.

சகோதரிகளே, 1990, 1991 ஆம் ஆண்டுகளில் தீவகத்து மக்களில் பெரும்பாலோர் ஊரை விட்டு வெளியேறினார்கள். பின்னர் பலர் நாட்டையே விட்டுப் போனார்கள். மிளகாய்த்தூள் பின்னாலேயே விமானம் ஏறி வந்துவிட்டது. கருவாடும் ஒடியல் மாவும் இன்று ஐரோப்பியக் கடைத்தட்டுகளில் கிடைக்கின்றன. பொருள்கள் சேர்ந்த இடத்தில் அளவுகள் ஏன் பிழைக்கின்றன என்று நாம் பேசியபோது நான்கு காரணங்கள் வெளிவந்தன.

உப்பு முதலாவது. ஊரில் நாம் கையால் அள்ளியது கல்லுப்பு. வெளிநாட்டில் மேசையில் இருப்பது தூளுப்பு. ஒரு தேக்கரண்டி தூளுப்பு ஏறக்குறைய 6 கிராம் நிறுக்கும். கல்லுப்பில் கற்களுக்கிடையே காற்று இருப்பதால் அதே கரண்டி அதைவிடக் குறைவாக நிறுக்கும். அம்மாவின் இரண்டு கரண்டியை அப்படியே போட்டால் கறி கரிக்கும். ஆகவே கரண்டியை விட்டுத் தராசை எடுக்க வேண்டும்.

புளிப்பு இரண்டாவது. எமது சிறிய தேசிக்காயும் அங்குள்ள பெரிய மஞ்சள் எலுமிச்சையும் ஒன்றல்ல. கடைப் புளியிலும் இனிப்புப் புளி உண்டு. காயின் எண்ணிக்கையை நம்பாமல் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். புளிப்புள்ள எதையும் அலுமினியப் பாத்திரத்தில் ஊறவைக்கவும் வேண்டாம். புளி உலோகத்தைக் கரைக்கும். எம்மவர் மண்சட்டியையும் பீங்கான் சாடியையும் வைத்திருந்தது வீண் பழமையால் அல்ல.

வெயில் மூன்றாவது. குளிர்நாட்டு யன்னலோரத்தில் மோர்மிளகாய் காயாது, பூஞ்சணம் பிடிக்கும். மெல்லிய சூட்டில் வைத்த மின்னடுப்போ உலர்த்தும் கருவியோ வேண்டும். கருவி எதுவானாலும் அடையாளம் அதே கலகலப்புத்தான்.

நான்காவது மீன். இதுவே மிக முக்கியம். ஊரில் மீன் கரைக்கு வந்த சில மணித்தியாலத்தில் சட்டிக்கு வந்தது. அங்கே அது எத்தனை நாள் பயணம் செய்தது என்று எமக்குத் தெரியாது. சூரை, கும்பளா போன்ற மீன்கள் குளிரில்லாமல் கிடந்தால் 'ஹிஸ்ரமின்' என்னும் பொருள் அவற்றில் சேரும். உப்பாலும் புளியாலும் அது போகாது, பொரித்தாலும் போகாது. பழுதுபட்ட மீனைத் தூள் மறைக்கும், திருத்தாது. ஊறும் மீனையும் இறைச்சியையும் மேசையில் விடாமல், 5 பாகைக்குக் கீழே குளிர்சாதனப்பெட்டியில் வையுங்கள். பச்சை இறைச்சி ஊறிய கலவையைக் கொதிக்கவைக்காமல் மேலே ஊற்றாதீர்கள். உள்ளியை வெறும் எண்ணெயில் மூடி அறைச் சூட்டில் வைப்பதும் ஆபத்து. காற்றும் புளிப்பும் இல்லாத இடத்தில் 'பொற்றுலிசம்' என்னும் நோயைத் தரும் கொடிய நஞ்சு உண்டாகலாம். எமது ஊறுகாய்கள் ஆண்டுக்கணக்கில் நின்றதற்கு எண்ணெய் காரணமல்ல. அவற்றில் இருந்த புளிப்பும் உப்புமே காரணம். புதிதாகச் செய்பவர் காரணத்தை விட்டு உருவத்தை மட்டும் பின்பற்றினால் நேரக்கூடியது சுவைக் குறைவோடு முடிவதில்லை.

இந்த நாட்டிலும் நிலைமை வெகுவாக மாறிவிட்டது. மோர்மிளகாயும் பனாட்டும் பொதிகளில் வருகின்றன. வாங்குவதில் பிழையில்லை, வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது பெரிய உதவி. ஆனால், முட்டியைத் திறந்து மணத்தைக் கொண்டே பதம் சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொரு தீவிலும் குறைந்து வருகிறார்கள். அவர்களில் பலர் எமது கல்லூரியின் மூத்த மாணவிகள். அவர்களுடைய அறிவு எந்த நூலகத்திலும் இல்லை. அவர்கள் கையில் இருக்கிறது.

ஆகவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். நூற்றாண்டு ஆண்டு முடிவதற்குள் ஒவ்வொரு பழைய மாணவியும் தன் வீட்டில் ஊறவைக்கும் ஒன்றே ஒன்றை எழுதி அனுப்பட்டும். அதில் நான்கு விடயங்கள் இருந்தால் போதும்: கிராமில் எவ்வளவு, எவ்வளவு நேரம், பதம் வந்ததற்கு அடையாளம் என்ன, ஏன் அப்படிச் செய்கிறோம். எழுத முடியாத மூத்தவர்களிடம் இன்றைய மாணவிகள் தராசோடு போகட்டும். அம்மம்மா கைப்பிடியில் அள்ளும் உப்பைச் சட்டியில் போடுமுன் ஒருமுறை தராசில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சிரிப்பார், அந்த இலக்கம் மட்டும் நூறு ஆண்டுக்கு நிற்கும். மனையியல் ஆசிரியைகள் அவற்றை வகுப்பில் செய்து பார்த்து, தவறில்லாதவற்றைத் தொகுக்கலாம். நான்காவது கேள்விக்குப் பதில் தெரியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். விஞ்ஞானம் படித்த எமது சகோதரிகள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். அவர்கள் அதைக் கண்டு சொல்வார்கள்.

அப்போது எங்கோ ஓர் ஊரில் ஒரு பேத்தி மீனைக் கையில் வைத்துக்கொண்டு தொலைபேசியில் கேட்கும்போது, 'கண் பார்த்துப் போடு' என்பதோடு நாம் நிறுத்த வேண்டியிருக்காது. எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுக்கலாம்.